சின்ன இன்டீரியர் தொழில்: வாடிக்கையாளரோடு மனக்கசப்பு இல்லாமல் நடத்த 25 குறிப்புகள்

இன்டீரியர் தொழில் தொடங்கப் பெரிய முதல் வேண்டாம். ஒரு லேப்டாப், அளவெடுக்க லேசர் டேப், நம்பகமான இரண்டு கார்பென்டர்கள், கடன் கொடுக்கும் ஒரு பிளைவுட் கடை இருந்தால் விசிட்டிங் கார்டு அடித்துவிடலாம். நிலைப்பதுதான் கஷ்டம். ரசனை போதாமல் கடையைக் கட்டியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வேலை தொடங்கும் முன் பேசாமல் விட்ட விஷயமும் எழுதாமல் விட்ட கணக்கும்தான் ஆளைச் சாய்க்கின்றன. ஒருவர் முதல் ஐந்து பேர் வரை சேர்ந்து சென்னை, கோவை போன்ற ஊர்களில் ஃப்ளாட்டுக்கும் தனி வீட்டுக்கும் வேலை செய்பவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

1. முதல் சந்திப்பை வாடிக்கையாளர் இப்போது குடியிருக்கும் வீட்டில் வையுங்கள். புது ஃப்ளாட்டில் காலிச் சுவரைத் தவிர எதுவும் இருக்காது. பழைய வீட்டில் கட்டிலுக்கு அடியில் என்ன திணித்திருக்கிறார்கள், பரணில் என்ன தூசி படிந்து கிடக்கிறது, துணி எங்கே மடித்துக் குவிந்திருக்கிறது என்று பத்து நிமிடம் பார்த்தாலே அவர்களுக்கு எவ்வளவு அலமாரி தேவை என்று தெரிந்துவிடும். கேட்டால் "எங்ககிட்ட சாமான் ரொம்பக் கம்மிங்க" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

2. யார் சமைக்கிறார்களோ அவரிடம் சமையலறையைப் பற்றிப் பேசுங்கள். பணம் கொடுப்பவர் சிம்னி பிராண்டைப் பற்றிப் பேசுவார்; சமைப்பவர்தான் கிரைண்டரைப் பற்றிப் பேசுவார். டேபிள் டாப் கிரைண்டர் மேடையிலேயே நிற்குமா, தினமும் எடுத்து வைப்பார்களா? மிக்ஸி ஜார் எத்தனை? அரிசி மூட்டையாக வாங்குவார்களா, ஐந்து கிலோ பையாகவா? அண்டா, அன்னக்கூடை இருக்கிறதா? சிலிண்டர் உள்ளே வருமா, பால்கனியில் நிற்குமா? வருஷா வருஷம் கொலு வைக்கும் வீடா? கொலுப் படியும் பொம்மைப் பெட்டிகளும் வருஷத்தில் சுமார் பதினோரு மாதம் எங்கே இருக்கும் என்று யோசிக்காமல் பரண் போட்டால், நவராத்திரி முடிந்த மறுநாள் உங்களுக்குப் போன் வரும். மேடை உயரம் வழக்கமாக 32 முதல் 34 அங்குலம் வைப்பார்கள். ஆனால் சமைப்பவரை நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்கு 4 முதல் 6 அங்குலம் கீழே வருகிறதா என்று டேப் வைத்துப் பாருங்கள். ஐந்தடி உயரமுள்ள அம்மாவுக்கும் அஞ்சே முக்கால் அடி மகனுக்கும் ஒரே மேடை சரிவராது. யாருக்கு என்று அப்போதே முடிவு செய்து எழுதிக்கொள்ளுங்கள்.

3. முடிவெடுப்பவர் யார் என்று முதல் நாளே கண்டுபிடியுங்கள். கணவன், மனைவி, அமெரிக்காவிலிருந்து வீடியோ காலில் வரும் மகன், "நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் மாற்றும் மாமியார் என்று நான்கு பேர் இருப்பார்கள். "யார் ஓகே சொன்னால் நான் வேலையைத் தொடங்கலாம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிடலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அந்த ஒருவரின் பெயர் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். மற்றவர்கள் சொல்வதையும் பொறுமையாகக் கேளுங்கள், முக்கியமாக மாமியார் சொல்வதை. அவர் சொல்லும் குறை பெரும்பாலும் நிஜமான குறையாக இருக்கும்.

4. பட்ஜெட் கேட்கக் கூச்சப்படாதீர்கள். "எவ்வளவு செலவு பண்ணலாம்னு இருக்கீங்க?" என்றால் பதில் வராது. "இதே அளவு வீட்டுக்கு நான் ஆறு லட்சத்திலும் செய்திருக்கிறேன், பதினான்கிலும் செய்திருக்கிறேன், வித்தியாசம் இது இது" என்று இரண்டு வீட்டின் போட்டோவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். கை தானாக ஒன்றைத் தொடும்.

5. முன்பணம் வராமல் 3டி படம் அனுப்பாதீர்கள். இலவசமாக வரைந்த படம் அன்று மாலையே வேறு கார்பென்டரின் வாட்ஸ்அப்பில் இருக்கும், "இதே மாதிரி எவ்வளவுக்குப் பண்ணுவீங்க?" என்ற கேள்வியோடு. முதல் சந்திப்பில் பழைய வேலைகளைக் காட்டுங்கள், வாயால் விளக்குங்கள், தேவையானால் ஒரு பேப்பரில் கையால் கிறுக்கிக் காட்டுங்கள். வடிவமைப்புக்கு என்று ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, வேலையை உங்களிடமே கொடுத்தால் மொத்தத்தில் கழித்துக்கொள்வதாகச் சொல்லுங்கள். அந்தச் சின்னத் தொகையைக் கொடுக்கத் தயங்குபவர் பெரிய தொகையையும் தயங்கித்தான் கொடுப்பார்.

6. ஆர்க்கிடெக்ட் என்று போர்டு வைக்காதீர்கள். 1972-ஆம் வருடத்து ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர் மட்டுமே அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். இன்டீரியர் டிசைனர் என்பதே நல்ல பெயர்தான். சுவரை இடிக்க வேண்டும், பீமைத் தொட வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரின் கையெழுத்தில்லாமல் சுத்தியலைத் தூக்க விடாதீர்கள்.

7. கொட்டேஷனை ஒரு பக்கத்தில் முடிப்பது பெருமையல்ல. "மாடுலர் கிச்சன் - 2,40,000" என்ற ஒற்றை வரி, பின்னால் வரப்போகும் சண்டைக்கு நீங்களே கொடுக்கும் அழைப்பிதழ். ஒவ்வொரு பொருளுக்கும் அளவு, பலகையின் ரகம், தடிமன், வெளிப்பக்க மைக்காவுக்கு ஒரு ஷீட்டுக்கு எவ்வளவு விலை வரை, உள்பக்கத்தில் என்ன ஒட்டப்படும், கீல் எந்த பிராண்ட், சாஃப்ட் குளோஸா சாதாரணமா, டிராயருக்குச் சாதா டெலஸ்கோப்பிக் சேனலா டேண்டமா என்று எல்லாம் எழுதுங்கள். "அல்லது அதற்குச் சமமானது" என்ற சொல்லைத் தயவுசெய்து போடாதீர்கள். சமம் என்பது உங்களுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று.

கடைசியில் "இதில் சேராதவை" என்று தனிப் பட்டியல் கட்டாயம் வேண்டும். கிரானைட், பிளம்பிங், எலக்ட்ரிக்கல், பெயின்ட், ஃபால்ஸ் சீலிங், சிம்னி, அடுப்பு, லாரி வாடகை, லிஃப்ட் இல்லாத மாடிக்கு ஏற்றுகூலி, குப்பை அள்ளுவது, அபார்ட்மென்ட் சங்கத்துக்குக் கட்டும் டெபாசிட். எது உங்கள் பொறுப்பு, எது அவர் பொறுப்பு என்று வரிக்கு வரி இருக்கட்டும். ஜிஎஸ்டி தனியா, சேர்த்தா என்பதையும் மொத்தத் தொகைக்கு நேர் கீழே, அதே எழுத்தளவில் எழுதுங்கள். அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் போடுவது பெரிய கம்பெனிகளின் வேலை.

8. சதுர அடிக் கணக்கைப் பேனாவால் போட்டுக் காட்டுங்கள். நம் தொழிலில் அதிகச் சண்டை வருகிற இடம் இதுதான். உதாரணமாக, வார்ட்ரோப் 6 அடி அகலம், 7 அடி உயரம். முன்பக்கம் 42 சதுர அடி. சதுர அடிக்கு 1,400 ரூபாய் என்று நீங்கள் வாயால் சொன்னால், வாடிக்கையாளர் மனதில் 58,800 என்று பதிந்துவிடும். அதற்கு மேலே இருக்கும் 2 அடிப் பரண் தனி; 6 x 2 = 12 சதுர அடி, அடிக்கு 900 வீதம் 10,800. மொத்தம் 69,600. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 12,528 சேர்ந்தால் 82,128. அவர் நினைத்ததற்கும் பில்லுக்கும் இருபத்து மூவாயிரத்துக்கு மேல் வித்தியாசம். நீங்கள் ஏமாற்றவில்லை, அவரும் கருமி இல்லை. ஆனால் இந்தக் கணக்கை அவர் முதல்முறை பார்ப்பது பில்லில் என்றால், அடுத்த ஏழு வீட்டுக்காரர்களிடம் உங்களைப் பற்றி வேறு மாதிரிதான் சொல்வார். முன்பக்கப் பரப்பை மட்டும்தான் அளக்கிறோம், ஆழம் 2 அடி வரை இந்த விலை, உள்ளே இத்தனை தட்டு, இத்தனை டிராயர், அதற்கு மேல் தனி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

9. பிளைவுட்டை வெட்டும் முன் வாடிக்கையாளருக்குக் காட்டுங்கள். எல்லா இடத்துக்கும் விலை உயர்ந்த பலகை தேவையில்லை. ஈரம் படாத படுக்கையறை அலமாரிக்கு ஐஎஸ் 303 முத்திரையுள்ள எம்ஆர் ரகம் போதும். சிங்குக்கு அடியிலும் பாத்ரூம் சுவரை ஒட்டியும் ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் ரகம் போடுங்கள். அது 72 மணி நேரம் கொதிநீரில் சோதிக்கப்படும் ரகம். லோடு வந்து இறங்கியதும், பலகை மேல் இருக்கும் ஐஎஸ்ஐ முத்திரை தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புங்கள். மைக்கா ஒட்டிவிட்டால் உள்ளே இருப்பது என்ன என்று யாராலும் சொல்ல முடியாது. நம்பிக்கை வாங்க அந்த ஒரு போட்டோவைவிட மலிவான வழி கிடையாது.

10. தரைத்தளம் என்றால் டிசம்பரை நினைத்துக்கொள்ளுங்கள். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் தண்ணீர் புகுந்த வீடுகளில் கிச்சனின் கீழ்ப்பெட்டிகள்தான் முதலில் ஊறி உப்பின. அங்கெல்லாம் பழைய முறையே நல்லது: மேடைக்குக் கீழே கடப்பா கல் தடுப்பு, அதற்கு அலுமினியம் அல்லது டபிள்யூபிசி கதவு. பார்க்க மேகஸின் அட்டை போல இருக்காது. தண்ணீர் வடிந்ததும் துடைத்துவிட்டு அன்றைக்கே சமைக்கலாம். கடற்கரையை ஒட்டிய பெசன்ட் நகர், திருவான்மியூர் வீடுகளில் சாதாரண இரும்புக் கீல் உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். அங்கே எஸ்எஸ் 304 கீல் என்று கொட்டேஷனிலேயே எழுதி, விலை ஏன் கூடுதல் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

11. பணம் வேலைக்கு ஒரு படி முன்னால் வரவேண்டும். எனக்குச் சரியாகப் பட்ட பிரிப்பு: வடிவமைப்பு முடிவாகும்போது 10 சதவீதம், பொருள் வாங்கும் முன் 40, பெட்டிகள் நின்றதும் 30, கதவுகள் மாட்டியதும் 15, சாவி கொடுத்துக் குறைகள் சரிசெய்த பிறகு 5. தேதியைப் போட்டுப் பணம் கேட்காதீர்கள். கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு கட்டத்தைப் போட்டுக் கேளுங்கள். "பதினைந்தாம் தேதி மூன்றாம் தவணை" என்றால் வாக்குவாதம் வரும். "கிச்சன் பெட்டி எல்லாம் நின்றாச்சு சார்" என்றால் வராது.

12. ஒரு வீட்டு முன்பணத்தில் இன்னொரு வீட்டை முடிக்காதீர்கள். சின்னத் தொழில்கள் மூழ்குவது இங்கேதான். அண்ணா நகர் வீட்டு அட்வான்ஸில் தாம்பரம் வீட்டுக்குக் கீல் வாங்குவது, தாம்பரத்துப் பாக்கி வரும் என்று நம்பி ஆவடியில் புது வேலை பிடிப்பது, ஆவடி அட்வான்ஸில் அண்ணா நகருக்குப் பலகை இறக்குவது என்று சங்கிலி நீளும். ஒருவர் பாக்கி வைத்துவிட்டால் மூன்று வீடும் ஒரே நாளில் நிற்கும். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு, ஒவ்வொரு வீட்டுக்கும் நோட்டில் தனிப்பக்கம், வெள்ளிக்கிழமைதோறும் கையிருப்பைச் சரிபார்ப்பது. இதற்கு மென்பொருளெல்லாம் வேண்டாம், 60 பக்க நோட்டு போதும்.

13. ரொக்கத்தில் எச்சரிக்கை. ஒருவரிடமிருந்து ஒரே நாளிலோ, ஒரே வேலைக்கோ 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். பிரித்துப் பிரித்து வாங்கினாலும் ஒரே வேலை ஒரே வேலைதான். அபராதம் வாங்கியவருக்குத்தான், அதுவும் வாங்கிய தொகை அளவுக்கு.

14. மைக்கா நிறத்தைக் கடையில் முடிவு செய்யாதீர்கள். கடை விளக்கில் தேக்கு நிறமாகத் தெரிவது, மேற்குப் பார்த்த ஹாலில் செங்கல் நிறமாக இருக்கும். சாம்பிளை வீட்டுக்கு எடுத்துப்போய், எந்தச் சுவரோ அந்தச் சுவரில் நிமிர்த்தி வைத்து, காலையில் ஒருமுறை, இரவு விளக்கில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பிடித்த சாம்பிளின் முதுகில் கோடு எண், எந்த அறை, தேதி எழுதி அவர் கையெழுத்து வாங்குங்கள். ஒரே எண்ணாக இருந்தாலும் லாட் மாறினால் நிறம் லேசாக மாறும். ஆகவே மொத்த ஷீட்டையும் ஒரே தடவையில் வாங்கி, கணக்குக்கு மேல் ஒன்று கூடுதலாக எடுத்து வையுங்கள்.

15. மாற்றம் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள், விலை சொல்லுங்கள். மாற்றம் கேட்காத வாடிக்கையாளர் பிறக்கவில்லை. "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று பெருந்தன்மையாகச் சொல்வதுதான் தப்பு. சைட்டில் நின்று அவர் சொன்னதை அன்று மாலையே எழுத்தில் அனுப்புங்கள். இப்படி:

"சார், வணக்கம். பெரிய பெட்ரூம் வார்ட்ரோப்பின் இடது கதவுக்கு மைக்காவுக்குப் பதில் கண்ணாடி கேட்டீர்கள். கூடுதல் ரூ.6,500 + ஜிஎஸ்டி. வேலை நான்கு நாள் தள்ளிப்போகும். சரி என்று பதில் வந்ததும் கண்ணாடிக்கு ஆர்டர் போடுகிறேன். அதுவரை அந்தக் கதவை மட்டும் நிறுத்தி வைக்கிறேன்."

என்ன, எவ்வளவு, எத்தனை நாள், பதில் வராவிட்டால் என்ன ஆகும் என்ற நான்கும் இருக்கட்டும். பாதி மாற்றங்கள் விலையைப் பார்த்ததும் தானாகவே வாபஸ் ஆகிவிடும்.

16. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப், அதற்கு ஒரு நேரம். காலை 9 முதல் இரவு 7 வரை பதில் தருவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் இரவு பதினொன்றரைக்கு வரும் இன்ஸ்டாகிராம் ரீல்களுக்கு மறுநாள் காலையில் பதில் போடலாம். வாய்ஸ் மெசேஜ் வந்தால் கேட்டுவிட்டு, "நீங்கள் சொன்னது இதுதானே" என்று இரண்டு வரியில் எழுதிப் போடுங்கள்; ஆறு வாரம் கழித்து வாய்ஸ் மெசேஜைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. சனிக்கிழமை மாலை ஐந்து போட்டோவும், அடுத்த வாரம் என்ன நடக்கும் என்ற மூன்று வரியும். வேலையே நடக்காத வாரத்திலும் அனுப்புங்கள், ஏன் நடக்கவில்லை என்று எழுதி. "என்னாச்சுங்க?" என்று அவர் கேட்ட பிறகு சொல்லும் காரணம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் சாக்காகத்தான் கேட்கும்.

17. கிரகப்பிரவேசத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். முகூர்த்தம் தள்ளிப்போகாது, பத்திரிகை அடித்தாகிவிட்டது. ஆடி, புரட்டாசி, மார்கழியில் பலர் புதுமனை புகுவதில்லை. ஆகவே ஆவணிக்கும் தைக்கும் எல்லா வீடும் ஒன்றாக வந்து நிற்கும். நம் சைட்டுகளில் கார்பென்டர்களில் பலர் ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், பீகார்க்காரர்கள். ஹோலிக்கும் தீபாவளிக்கும் சத் பூஜைக்கும் ஊருக்குப் போனால் சொன்ன நாளில் திரும்புவது அபூர்வம். தேர்தல் வந்தால் அதற்கும் போவார்கள். உள்ளூர் ஆசாரி ஆயுத பூஜைக்குக் கருவியைத் தொடமாட்டார், பொங்கலுக்கு நான்கு நாள் கிடைக்கமாட்டார். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மரத்துக்கு பாலிஷ் அடித்தால் ஈரக்காற்றில் வெள்ளை பூத்துவிடும். இவ்வளவையும் காலண்டரில் குறித்துவிட்டு, மிச்சமிருக்கும் நாளைத்தான் வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும். முகூர்த்தத்துக்குள் கிச்சனும் பூஜையறையும் முடியும், வார்ட்ரோப் அதன்பிறகு என்று இரண்டாகப் பிரித்து வாக்குக் கொடுப்பது இன்னும் பத்திரம்.

18. அபார்ட்மென்ட் சங்க விதிகளைக் கொட்டேஷனுக்கு முன்பே வாங்கிப் படியுங்கள். எத்தனை மணி வரை டிரில் போடலாம், ஞாயிறு உண்டா, பலகையை லிஃப்டில் ஏற்றலாமா, வேலையாட்கள் இரவு தங்கலாமா? தினம் பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரைதான் வேலை என்றால், ஒரு மாத வேலை ஒன்றரை மாதம் ஆகும். செக்யூரிட்டியிடமும் கீழ்வீட்டுக்காரரிடமும் நீங்களே போய் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். புகார் வந்தால் வாடிக்கையாளருக்குப் போகாமல் உங்களுக்கு வரும்.

19. வேலை வரிசையை வீட்டுக்காரருக்கும் சொல்லிவிடுங்கள். எலக்ட்ரிக்கல் பைப்பும் ஏசி காப்பர் லைனும் முதலில், பிறகு ஃபால்ஸ் சீலிங், பிறகு பெயின்டின் முதல் கோட், பிறகு மரவேலை, கடைசிக் கோட் எல்லாம் முடிந்து. ஏசியை "அப்புறம் வாங்கிக்கலாம்" என்று சொல்லும் வீட்டில் சீலிங்கை இருமுறை உடைக்க வேண்டியிருக்கும்.

20. கார்பென்டரின் வாராந்திரக் கணக்கைத் தள்ளிப்போடாதீர்கள். உங்களுக்குப் பணம் வந்ததோ இல்லையோ, சனிக்கிழமை அவருக்குப் போய்விட வேண்டும். லேபர் கான்ட்ராக்ட் என்றால் சதுர அடிக்கு எவ்வளவு, எட்ஜ் பேண்டிங் அதில் சேர்ந்ததா என்று அவருக்கும் எழுதிக் கொடுங்கள், இந்தியிலானாலும் சரி. கட்டிங் மெஷின் பக்கத்தில் மாஸ்க்கும் கண்ணாடியும் இருக்கட்டும். இரண்டு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள்: அவர் வாடிக்கையாளரிடம் விலை பேசக் கூடாது; வாடிக்கையாளர் அவரிடம் நேரடியாக மாற்றம் சொல்லக் கூடாது. "அப்படியே இந்த ஊஞ்சல் பலகையையும் கொஞ்சம் சீவிடுங்க தம்பி" என்பதில் தொடங்கினால் அரை நாள் போய்விடும்.

21. வாஸ்து பார்ப்பவர்களா என்று வரைபடத்துக்கு முன்பு கேளுங்கள். அடுப்பு அக்னி மூலையில், பூஜை ஈசானியத்தில், பெரியவர் படுக்கை கன்னி மூலையில் என்று எல்லாம் முடிந்த பிறகு ஜோசியர் வந்து சொன்னால் சிங்க் குழாயையே மாற்ற வேண்டிவரும். உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பதை யாரும் கேட்கவில்லை. அவர்களுடைய ஜோசியர் பார்த்துவிட்டார் என்று ஒரு வரி வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். பின்டெரஸ்ட் படங்களுக்கும் இதே முறைதான். திறந்த ஷெல்ஃப் கிச்சன் படத்தைக் காட்டினால் "முடியாது" என்று சொல்ல வேண்டாம். தாளித்த எண்ணெய்ப் பிசுக்கும் ரோட்டுத் தூசியும் சேர்ந்து படிந்தால் வாரத்துக்கு எத்தனை முறை துடைப்பது, யார் துடைப்பது என்று கேளுங்கள். ஆத்தங்குடி டைல் ஆசைப்படுபவர்களிடமும் அது கையால் செய்வது, ஒன்றுக்கொன்று சற்று வேறுபடும், அவ்வப்போது தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்கத்தான் பளபளப்பு ஏறும் என்பதை வாங்கும் முன் சொல்லிவிடுங்கள்.

22. கடைக் கமிஷனைப் பற்றி ஒளிவு வேண்டாம். டைல்ஸ் கடை, லைட் கடை, கர்ட்டன் கடை எல்லாமே ஆள் அழைத்து வருபவருக்கு ஒரு சதவீதம் ஒதுக்குகின்றன. ஊரறிந்த ரகசியம் அது. ஒன்று, உங்கள் கட்டணத்தை நிமிர்ந்து வாங்கிக்கொண்டு தள்ளுபடியை வாடிக்கையாளருக்கே கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால், "கடையிலிருந்து எனக்கு ஒரு தொகை வரும், அதனால்தான் என் கட்டணம் குறைவு" என்று சொல்லிவிடுங்கள். முதல் வழிதான் என் ஓட்டு. கட்டணமும் வாங்கி, கமிஷனும் வாங்கி, இரண்டையும் மறைப்பவர் பெயர் ஒரே ஒரு வீட்டில் கெட்டாலும் அபார்ட்மென்ட் முழுக்கப் பரவிவிடும். சிம்னி, அடுப்பு, கீல் எல்லாவற்றின் பில்லும் வாரன்ட்டி அட்டையும் வாடிக்கையாளர் பெயரிலேயே இருக்கட்டும்.

23. வரி விஷயத்தில் வருஷத்துக்கு இருமுறை ஆடிட்டரைப் பாருங்கள். சேவையும் பொருளும் கலந்த நம் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். நான்கு கிச்சன், இரண்டு முழு வீடு செய்தாலே அதைத் தொட்டுவிடலாம். இன்டீரியர் டெக்கரேஷன் வருமான வரியில் தொழில்முறைப் பணிகளின் பட்டியலில் இருப்பதால், கட்டணம் மட்டும் வாங்குபவர்கள் வரவில் பாதியை வருமானமாகக் காட்டும் எளிய முறையில் வரலாம். பலகை, மரவேலையும் சேர்த்துச் செய்தால் கணக்கு வேறு மாதிரி. அலுவலக வேலை எடுத்தால் டிசைன் கட்டணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள், ரிட்டர்னில் அதைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள். உத்யம் பதிவு அரசுத் தளத்தில் முழுக்க இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளங்களை நம்பாதீர்கள். பதிவு இருந்தால், நிறுவனங்கள் உங்கள் பில்லை ஒப்பந்தப்படியும், அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் தீர்க்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். பில்லின் கீழே உத்யம் எண்ணை அச்சடித்தாலே அக்கவுன்ட்ஸ் பிரிவில் கொஞ்சம் வேகம் தெரியும்.

24. கோபமாக வரும் மெசேஜுக்கு மெசேஜில் பதில் எழுதாதீர்கள். "பார்த்தேன் மேடம், நாளைக் காலை பத்து மணிக்கு நேரில் வருகிறேன்" என்று மட்டும் அனுப்பிவிட்டு, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் போய் நில்லுங்கள். முழுவதையும் கேட்டுவிட்டு, குறைகளை நம்பர் போட்டு எழுதி, எது உங்கள் தவறு, எது அவர் கேட்ட மாற்றத்தால் வந்தது என்று பிரித்துச் சொல்லுங்கள். சாவி ஒப்படைக்கும் நாளிலும் இதே பட்டியல் முறைதான். வீட்டுக்காரரோடு அறை அறையாகப் போய் ஒவ்வொரு கதவையும் அவரையே திறந்து மூடச் சொல்லுங்கள், ஒவ்வொரு டிராயரையும் கடைசி வரை இழுக்கச் சொல்லுங்கள். உரசும் கதவு, இறங்கிய கீல், பிசின் கறை எல்லாவற்றையும் குறித்து, எத்தனை நாளில் முடியும் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் அந்தக் கடைசி 5 சதவீதம் வரும். இல்லாவிட்டால் வாரத்துக்கு ஒரு புதுக் குறை முளைத்துக்கொண்டே இருக்கும். மிஞ்சிய மைக்காத் துண்டு, நான்கு ஸ்க்ரூ, ஒரு கீல், சமையலறைத் தரையைக் குழாய் வைத்துக் கழுவாமல் துடைக்க வேண்டும் என்ற குறிப்பு, இவற்றை ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள். முதல் மழைக்காலம் முடிந்ததும் கூப்பிடாமலேயே ஒருமுறை போய், ஊறி இறங்கிய கதவுகளைத் திருப்புளியால் சரிசெய்துவிட்டு வந்தால் எந்த விளம்பரமும் தராத பலன் கிடைக்கும். அப்போதே போட்டோவும் எடுத்துக்கொள்ளலாம், அனுமதி கேட்டு, பெயர்ப் பலகையும் கதவு எண்ணும் தெரியாமல்.

25. சொந்தக்காரர் வேலைக்கும் கொட்டேஷன் உண்டு. சித்தப்பா வீடு, கல்லூரித் தோழியின் ஃப்ளாட் என்று வரும்போதுதான் நாம் எழுதாமல், கேட்காமல், கணக்குப் பார்க்காமல் இறங்குகிறோம். அவர்களுக்கும் பேசத் தயக்கம், நமக்கும் கேட்கத் தயக்கம். பிறகு கல்யாண வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். சலுகை தர விரும்பினால் உங்கள் டிசைன் கட்டணத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் குறையுங்கள், வேண்டாமென்றே சொல்லிவிடுங்கள். பிளைவுட் கடைக்காரருக்கும் கார்பென்டருக்கும் அவர் சித்தப்பா கிடையாது. அட்வான்ஸ் கணக்கில் விழுந்த பிறகுதான் பலகை இறங்க வேண்டும், யார் வீடாக இருந்தாலும்.